வெட்டுத் தீர்மானம்: நிதிநிலை அறிக்கைக்குள் நம் வரலாறு



இலக்கிய அமைப்பின் மேடையில் நிதிநிலை அறிக்கையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் தோழர்கள் சிலர் தயங்கினார்கள். எண்களைக் கேட்க யார் வருவார்கள் என்றார்கள். யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் இருந்திருந்தால் தயங்கியிருக்க மாட்டார். கவிதையையும் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதியவர் அவர். நம் சேரியில் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்பதற்கான காரணம் எங்கோ ஓர் அரசுப் புத்தகத்தில் எண்ணாக இருக்கிறது, அதைப் படிக்கத் தெரியாதவரை நம்மை ஏமாற்றுவது எளிது என்பார். அந்த எண்களின் வரலாற்றில் ஒரு பகுதியை மட்டும் இன்று சொல்கிறேன்.

குறைக்கலாம், கூட்ட முடியாது

சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறைக்கும் பணம் கேட்டு அமைச்சர் கொண்டுவருவது மானியக் கோரிக்கை. அதன்மேல் உறுப்பினர் கொண்டுவரக்கூடியது வெட்டுத் தீர்மானம். கொள்கையை எதிர்த்தால் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். சிக்கனம் வேண்டுமென்றால் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்லலாம். ஒரு குறையை எடுத்துச் சொல்ல மட்டும் விரும்பினால் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லலாம்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 203ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மன்றம் ஒரு கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்து ஏற்கலாம். கூட்டச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. இது ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த மாகாணச் சட்டசபைகளிலும் இதே விதிதான். ஆகவே தன் ஊருக்குக் கிணறு வேண்டுமென்று ஆதிதிராவிட உறுப்பினர் நினைத்தாலும், கிணறு வெட்டும் துறையின் பணத்தில் நூறு ரூபாயை வெட்டச் சொல்லித்தான் அவர் பேச்சைத் தொடங்க வேண்டும். கொடு என்று கேட்பதற்குக் குறை என்று சொல்ல வேண்டிய மன்றத்துக்குள்தான் நாம் நுழைந்தோம்.

1920இல் சென்னைச் சட்டசபைக்கு எம்.சி. ராஜா நியமிக்கப்பட்டார். அடுத்தடுத்து இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன், சுவாமி சகஜானந்தர் போன்றோர் வந்தார்கள். தேர்தலில் வென்று வரும் வழி நமக்கு அன்று இல்லை. அரசு நியமித்தால் உள்ளே, இல்லையேல் வெளியே. ஆயிரக்கணக்கான சேரிகளின் தேவையைச் சொல்ல ஒரு கைவிரலுக்குள் அடங்கும் குரல்களே இருந்தன.

காலியான கஜானா

அந்தச் சபையிடம் பணம் எவ்வளவு இருந்தது? இதைத் தெரிந்துகொள்ள அம்பேத்கரிடம் போக வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாற்றைப் பற்றியது. 1925இல் லண்டனில் நூலாக வந்தது. 1833 முதல் 1921 வரை மாகாணங்களின் பணம் எப்படி மத்தியில் குவிந்தது, எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது என்று அதில் விளக்குகிறார். சாதியை ஆய்வு செய்த அதே மனிதர் கஜானாவையும் ஆய்வு செய்தார் என்பதை நம் மாணவர்கள் மறக்கக்கூடாது.

இரட்டை ஆட்சி வந்தபோது மாகாணங்கள் மத்திய அரசுக்கு ஆண்டுதோறும் பங்கு கட்ட வேண்டும் என்று மெஸ்டன் குழு முடிவு செய்தது. மொத்தம் 983 லட்சம் ரூபாய். இதில் சென்னை மாகாணத்தின் தலையில் விழுந்தது 348 லட்சம், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பம்பாய்க்கு 56 லட்சம்தான். 1920களின் இறுதியில்தான் இந்தச் சுமை முழுதாக நீங்கியது. கல்வியும் சுகாதாரமும் இந்திய அமைச்சர்கள் கையில், நிதியும் நிலவரியும் ஆளுநரின் ஆலோசகர்கள் கையில். அமைச்சரிடம் துறை இருந்தது, பணம் இல்லை. பற்றாக்குறை வந்தால் யார் பங்கு முதலில் குறையும்? மன்றத்தில் யார் குரல் குறைவோ அவர் பங்கு.

மனைக்கட்டு என்னும் பொருளாதாரம்

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்கீர் 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையும், பஞ்சமி நிலமும் இந்த அவைக்குப் புதிதல்ல. நிலத்தின் கதையை இன்று விட்டுவிடுகிறேன். அதற்குப்பின் வந்த தொழிலாளர் துறையைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

1920ஐ ஒட்டி, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காகத் தனி அலுவலர் நியமிக்கப்பட்டு, பின் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி உருவானது. குடியிருப்பு மனை, கிணறு, பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவை அத்துறையின் வேலைகள். தஞ்சைப் பக்கத்துப் பண்ணைகளில் சேரிக்காரன் குடிசை போட்டிருந்த மண் மிராசுதாருக்குச் சொந்தம். கூலி உயர்த்திக் கேட்டால் மறுநாள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். ஆகவே அரசு பணம் கொடுத்து ஒரு குடும்பத்துக்கு நாலு சென்ட் மனை வாங்கித் தந்தால் அது வெறும் வீட்டுவசதி ஆகாது. கூலி பேசும் நாக்கை அது அவிழ்த்துவிடுகிறது. இந்த மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சி என்று நாம் சொல்வதில், சொந்த மனையில் நின்று கூலி பேசிய தலைமுறைக்குப் பெரும்பங்கு உண்டு. மனைக்கு ஆன செலவில் ஒரு பகுதி, தவணை முறையில் அந்த ஏழைகளிடமிருந்தே திரும்பப் பெறப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் துறை நிலவுடைமையாளர்களின் கண்ணை உறுத்தியது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நடந்தபோது, நீதிக்கட்சியின் முன்னணியினர் சிலர் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததே எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள். எம்.சி. ராஜா 1923இல் அக்கட்சியை விட்டு வெளியேறினார். செல்லம் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நமக்கு ஒதுக்கும் பணத்தைச் செலவு என்று சொல்வதில்லை, செல்லம் என்கிறார்கள். பின்னாளில் சலுகை என்றார்கள், இன்று இலவசம் என்கிறார்கள். வெட்டு வருவதற்கு முன்னால் இந்தச் சொல் வந்துவிடும்.

ஓர் அணா

வரலாறு ஒரே நிறத்தில் இருப்பதில்லை. அதே நீதிக்கட்சியின் தியாகராய செட்டியார் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920 செப்டம்பரில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. இதற்கும் முன்னால், கர்னல் ஆல்காட் 1894இல் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகளின் அனுபவமும் இதையே காட்டியது. பசியோடு வரும் பிள்ளையின் காதில் பாடம் ஏறாது.

பலன் என்ன? அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23இல் 811 பிள்ளைகள். 1924-25இல் 1,671. இரண்டே ஆண்டில் இருமடங்கு. பிறகு என்ன நடந்தது? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று அரசு மறுத்ததால், 1925 ஏப்ரல் முதல் நாளோடு சிற்றுண்டி நின்றது. யாரும் பள்ளிக்கூடத்தை இடிக்கவில்லை. ஆசிரியரை நீக்கவில்லை. இந்தச் செலவு அந்தக் கணக்குத் தலைப்பில் வராது என்று ஒரு தாளில் எழுதினார்கள், அவ்வளவுதான். இரண்டாண்டு கழித்து, 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று அது மீண்டும் தொடங்கியது. நடுவில் பசியோடு போன பிள்ளைகளுக்கு அந்த இரண்டு ஆண்டைத் திருப்பித் தர யாராலும் முடியாது. வெட்டை மறு ஆண்டு சரிசெய்யலாம், ஆனால் ஒன்றாம் வகுப்பு வயது ஒரு முறைதான் வரும்.

பம்பாயில் ஒரு குரல்

இதே காலத்தில், 1927இல், பம்பாய்ச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட அம்பேத்கர் அந்த மார்ச் மாதம் கல்வி மானியத்தின்மீது பேசினார். இந்த வேகத்தில் போனால் பள்ளி வயதுப் பையன்கள் அனைவரையும் பள்ளிக்குள் கொண்டுவர நாற்பது ஆண்டும், பெண் பிள்ளைகளைக் கொண்டுவர முந்நூறு ஆண்டும் ஆகும் என்று கணக்குச் சொன்னார். தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பேரில் பதினெட்டுப் பேரே நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள் என்றார். பிறகு ஓர் ஒப்பீட்டை வைத்தார். அரசு கல்விக்காகத் தலைக்குச் செலவிடுவது 14 அணா, மதுவின் வழியாக மக்களிடமிருந்து தலைக்கு வசூலிப்பது 2 ரூபாய் 2 அணா 9 பை. மதுவில் எடுப்பதையாவது கல்வியில் திருப்பிக் கொடுங்கள் என்பதே அவர் கேட்டது.

அவர் வெறுமனே அதிகப் பணம் கேட்கவில்லை. இந்தப் பணம் யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துக் கேட்டார். தமிழ்நாட்டில் 2024-25இல் மதுவின் வழியாக அரசுக்கு வந்தது சுமார் 48,344 கோடி ரூபாய். அதே ஆண்டு பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 44,042 கோடி. அன்று பம்பாயில் வசூல் செலவைப்போல இரண்டரை மடங்கு, இன்று இங்கே இரண்டும் ஏறக்குறைய சமம். நூறாண்டுப் போராட்டம் வீண்போகவில்லை. ஆனால் கடையில் விழும் பணத்தில் அன்றாடக் கூலியிலிருந்து வருவது எவ்வளவு, அந்தக் கூலிக்காரனின் தெருவுக்குத் திரும்பி வருவது எவ்வளவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இரண்டு வாக்கு

1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரத்தை மூன்று மணி நேரமாக்கியது. மீதி நேரம் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று நாம் எதிர்த்த திட்டம் இதுதான். அதன் சாதிமுகத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதற்கு ஒரு கணக்குமுகமும் உண்டு. எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க அரசிடம் பணம் இல்லை, அதே கட்டடம், அதே ஆசிரியர், இரண்டு முறையாக நடத்தினால் இருமடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அந்த வாதம். சிக்கனம் என்ற பெயரில் வந்தது சாதி. மலம் அள்ளுகிறவர் பிள்ளையும் பறை அடிக்கிறவர் பிள்ளையும் பிற்பகலில் எந்தத் தொழிலைக் கற்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்தச் சிக்கனத்தில் பதில் இல்லை.

1953 ஜூலையில் திட்டத்தை முற்றிலும் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு 138 வாக்கு, எதிராகவும் 138. அது தோற்றது. நிறுத்திவைத்து வல்லுநர் குழு ஆராயட்டும் என்ற தீர்மானம் 139க்கு 137 என்று வென்றது. அடுத்த ஆண்டு காமராசர் முதல்வரானார், மே மாதத்தில் திட்டம் போனது. பிறகு பள்ளிகள் பெருகின, 1956இல் மதிய உணவு வந்தது. இன்று தமிழ்நாடு தொழில் வளர்ந்த மாநிலம் என்று பெருமை பேசுகிறோமே, அந்த ஆலைகளில் வேலைக்குப் போகத் தகுதியான தொழிலாளி இந்தப் பள்ளிகளிலிருந்துதான் வந்தார். வெட்ட நினைத்த செலவே முதலீடாக நின்றது.

789 என்னும் எண்

மாணவர்களே, இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அரசுக் கணக்கில் பட்டியலினத்தவருக்கான துணைத்திட்டச் செலவைக் காட்டும் சிறுதலைப்பு 789. பழங்குடியினருக்கு 796. மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவோ, திட்டச் செலவிலும் அவ்வளவு என்பதே 1979-80இல் தொடங்கிய சிறப்பு உட்கூறுத் திட்டத்தின் அடிப்படை. பி.எஸ். கிருஷ்ணன் போன்ற அதிகாரிகளின் உழைப்பால் வந்தது அது. 1980 மார்ச்சில் பிரதமர் இந்திரா காந்தி இதை வலியுறுத்தி முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நம் பங்கு 20.01 விழுக்காடு. ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய்.

இப்போது வெட்டு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இங்கே யாரும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவருவதில்லை. நெடுஞ்சாலை போடுகிறார்கள், அந்தச் சாலையில் தலித்துகளும் நடப்பார்கள் என்று செலவில் ஒரு பங்கை 789இல் எழுதிவிடுகிறார்கள். தாளில் நம் பங்கு முழுதாக இருக்கிறது, தெருவில் இல்லை. டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக இந்த நிதியிலிருந்து பல நூறு கோடி திருப்பிவிடப்பட்டது. கர்நாடகத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இப்படி எழுதிக்கொள்ள 7(டி) என்ற பிரிவு இருந்தது. போராட்டத்தின் விளைவாக 2023இல் அதை நீக்கினார்கள். ஆனால் அதே 2023-24இல் பொதுவான உத்தரவாதத் திட்டங்களுக்கு இந்த நிதியிலிருந்து 11,144 கோடி எடுக்கப்பட்டது. அந்தத் திட்டங்கள் தலித் பெண்களுக்கும் உதவுகின்றன, மறுக்கவில்லை. எல்லோருக்கும் கொடுப்பதை நமக்கும் கொடுத்துவிட்டு, நமக்கென்று இருந்ததை எடுத்துக்கொண்டால் இடைவெளி எப்படிக் குறையும்?

2017-18இல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவையே மத்திய அரசு கைவிட்டது. எதில் 20 விழுக்காடு என்று கேட்க ஓர் அடித்தளம் இருந்தது, அது கலைந்தது. சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஒன்றுபட்ட ஆந்திரம் 2013இல் முதலில் சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் 2024இல்தான் அதற்கான சட்டம் வந்தது. தாமதமாக வந்த சட்டம் என்றாலும், கையில் ஒரு கருவி. துருப்பிடிக்க விடுவதும் தீட்டுவதும் நம் பொறுப்பு.

பூட்டிய வாசல்

இன்னொரு வகை வெட்டு, ஆள் எடுப்பதை நிறுத்துவது. 2001 நவம்பரில் தமிழக அரசு நிதி நெருக்கடியைக் காட்டிப் பணி நியமனத்துக்குத் தடை விதித்தது. 2006 வரை நீடித்தது. நமக்குப் பதினெட்டு விழுக்காடு ஒதுக்கீடு உண்டு, ஆனால் பூஜ்யத்தில் பதினெட்டு விழுக்காடு பூஜ்யம்தானே? அந்த ஐந்தாண்டில் பட்டம் வாங்கிய முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு வாசல் பூட்டியிருந்தது. ஓர் அரசு ஊழியர் சேரியில் உருவானால் அவர் தம்பி படிக்கிறார், தங்கை படிக்கிறார், பக்கத்து வீட்டுப் பையனுக்கு விண்ணப்பம் நிரப்பித் தர ஆள் கிடைக்கிறது. அரசு மிச்சப்படுத்தியது ஒரு சம்பளம், நாம் இழந்தது ஒரு தெருவின் ஏணி.

நகரத் தூய்மைப்பணியில் நடப்பதும் இதுவே. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. செய்துவந்த வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள், கூலியைக் குறைக்காதீர்கள் என்றார்கள். நள்ளிரவில் கைது செய்யப்பட்டார்கள். செலவுக் குறைப்பு என்று கோப்பில் எழுதியது அவர்கள் வீட்டில் அரிசிக் குறைப்பாக இறங்குகிறது.

தாமதமும் வெட்டுதான்

என் கதையில் ஒரு துளி சொல்கிறேன். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு உதவித்தொகை வரவில்லை. கட்டணம் கட்டாவிட்டால் தேர்வு நுழைவுச்சீட்டு இல்லை என்றார்கள். அம்மா காதில் இருந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்தார். தேர்வு முடிந்து, விடுமுறை முடிந்து, அடுத்த ஆண்டுப் பாதியில் பணம் வந்தது. முழுத்தொகைதான், ஒரு பைசா குறையவில்லை. கணக்கில் பார்த்தால் அரசு எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. ஆனால் வட்டி ஏறிக் கம்மல் மூழ்கிப் போயிருந்தது. அந்தக் கம்மல் எந்த நிதிநிலை அறிக்கையிலும் இல்லை. அரசுக்கு அம்மா கொடுத்த வட்டியில்லாக் கடன் அது. அதன்பின் அவர் காதில் வேப்பங்குச்சிதான்.

1944இல் தொடங்கியது அந்த உதவித்தொகை. 12ஆம் ஐந்தாண்டுத் திட்டம் 2017இல் முடிந்ததும், அதுவரை ஆன செலவை மாநிலங்களே ஏற்க வேண்டும், அதற்கு மேல் வருவதை மட்டுமே மத்திய அரசு தரும் என்ற பழைய விதி மாநிலங்களின் கழுத்தை நெரித்தது. பல மாநிலங்களில் பணம் தேங்கியது. தொடர்ந்து எழுந்த எதிர்ப்புக்குப்பின், 2020 டிசம்பரில் 60க்கு 40 என்று பங்கு மாற்றப்பட்டு, ஐந்தாண்டுக்கு 59,048 கோடி என்று அறிவித்தார்கள். நடுவில் படிப்பை விட்டவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

விடுதி மாணவர்களே, உங்கள் உணவுப்படியையும் கணக்குப் போடுங்கள். 2023இல் பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது 1,400 ஆனது. நாளொன்றுக்கு 47 ரூபாய்க்கும் குறைவு, மூன்று வேளைக்கு. விலைவாசி ஏறும்போது படி ஏறாமல் நிற்பதும் வெட்டுதான். அதற்கு எந்தச் சபையிலும் வாக்கெடுப்பு நடப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, நூறாண்டுக்கு முன் நம் உறுப்பினர்கள் நியமனத்தில் உள்ளே போய், நூறு ரூபாய் வெட்டைச் சாக்காக வைத்து நம் கதையைச் சொன்னார்கள். இன்று தனித்தொகுதிகளில் மட்டும் 44 ஆதிதிராவிட உறுப்பினர்கள் சட்டமன்றத்தில் அமர்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது வாழ்த்துரை அல்ல.

தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் மானியக் கோரிக்கை எண் 4 ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை. அரசு இணையதளத்தில் இருக்கிறது, யாரும் எடுக்கலாம். அதில் மூன்று கட்டங்களைப் பாருங்கள். இந்த ஆண்டின் மதிப்பீடு, சென்ற ஆண்டின் திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு. முதல் கட்டத்தைத்தான் மேடையில் வாசிப்பார்கள். மூன்றாவது கட்டத்தில்தான் உண்மை இருக்கும். ஓர் ஆண்டின் மதிப்பீட்டுக்கும் அதே ஆண்டின் உண்மைக் கணக்குக்கும் உள்ள வித்தியாசமே நம்மீது நடந்த, யாரும் முன்மொழியாத வெட்டுத் தீர்மானம். பிறகு மற்ற துறைகளின் கோரிக்கைகளைத் திறந்து 789ஐத் தேடுங்கள். அந்தப் பணம் எந்த ஊரில், எந்தத் தெருவில் இறங்கியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒரு மாவட்டத்துக்கு இரண்டு மாணவர் இதைச் செய்தால் போதும். அடுத்த ஆண்டு இதே மேடையில் என்னைப்போன்ற கிழவன் பேச வேண்டாம், அந்த மாணவர்கள் வந்து தங்கள் ஊர்க் கணக்கை வாசிக்கட்டும்.

இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்ட தோழருக்கு ஒரு சொல். நம் தன்வரலாறுகளில் பசி இருக்கிறது, பாதியில் நின்ற படிப்பு இருக்கிறது, மூழ்கிப்போன நகை இருக்கிறது. அவற்றின் மறுபக்கம் அந்தக் கணக்குப் புத்தகங்களில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் தலைமுறை வர வேண்டும் என்பதுதான் மறைந்த நம் தோழரின் ஆசை. அந்த நோட்டு இப்போது உங்கள் கையில்.